வழுக் களைந்த வித்தகி: கிறேஸ் ஹொப்பர் அம்மையார்

தமிழிலக்கணம் பயின்றோர் வழு என்னுஞ் சொல்லை நன்கறிவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நிகழும் எனக் கூறி, அவ்வழுவினின்று மொழியைக் காக்கும் நெறியையும் வகுத்துத் தந்தனர் நம் இலக்கண ஆசிரியர். இன்று கணினித்துறை சார்ந்த தமிழர், தம் நிரல்களில் நேரும் பிழையையும் வழு என்றே வழங்குகின்றனர். பழஞ்சொல் புதுப்பொருளுக்கு இனிது பொருந்திய இடங்களுள் இதுவும் ஒன்றாகும்.

கணினி தானாக அறிவது இலக்கங்களாலாகிய கட்டளை ஒன்றையே. மாந்தர் தமக்கு விளங்குஞ் சொற்களால் எழுதுவதனை அக்கட்டளையாக மாற்றிக் கொடுக்கும் நிரலுக்குத் தொகுப்பி என்று பெயர். பலகாலும் வேண்டப்படுஞ் சிறு நிரல்களைச் சோதித்து ஓரிடத்தே சேர்த்து வைத்தது நிரல்நூலகம். மாணவன் கொப்பியிலே நேர்ந்த பிழை அம்மாணவனோடு ஒழியும். பாடநூலிலே நேர்ந்த பிழையோ அதனைக் கற்றார் எல்லாரையும் பற்றும். தொகுப்பியிலும் நூலகத்திலும் உள்ள வழு பாடநூற் பிழையை ஒத்தது. அதனைத் தேடிக் காண்டலும், கண்டதனைப் பதிதலும், திருத்திப் பலர்க்கும் வழங்கலும் ஒரு பெருந்தொழில். அத்தொழிலுக்கு வழி வகுத்தோருள் முன்னிற்பவர் ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்த கிறேஸ் ஹொப்பர் அம்மையார்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு மார்கழி மாதம் 9ஆம் நாள் நியூயோர்க் நகரிலே பிறந்தார். ஏழாண்டுச் சிறுமியாயிருந்த காலத்தில், துயிலெழுப்பும் மணிக்கூடு எவ்வாறு இயங்குகின்றது என்றறிய விரும்பி அதனைக் கழற்றினார். மீளப் பூட்ட இயலாமையால் அடுத்ததனைக் கழற்றினார். இவ்வாறே வீட்டிலிருந்த மணிக்கூடுகள் ஏழும் கழன்று கிடந்தன. இதனைக் கண்ட அன்னை, ஆராய்ச்சியைத் தடுத்தாரல்லர். இனி ஒரு மணிக்கூட்டை மாத்திரம் கழற்றலாம் என்று எல்லை வகுத்தார். பிள்ளையின் பிழையை ஒறுக்காது நெறிப்படுத்திய அவ்வன்னையின் பண்பு பின்னர் மகளிடத்தும் விளங்கிற்று.

வாசர் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் கற்று 1928இல் பட்டம் பெற்ற அம்மையார், யேல் பல்கலைக்கழகத்தில் 1930இல் முதுமாணிப் பட்டமும் 1934இல் கணிதத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். 1930இல் வின்சென்ற் ஹொப்பரை மணந்தார். 1945இல் மணவாழ்வு முறிந்த பின்னரும் அப்பெயராலேயே வழங்கப்பட்டார். 1931 தொடக்கம் வாசர் கல்லூரியிற் கணிதம் கற்பித்தார். நிகழ்தகவு வகுப்பிலே ஒரு சூத்திரத்தை விளக்கியபின், அதனைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு மாணவியரைப் பணிப்பார். கணித வகுப்பிலே கட்டுரை எதற்கு என்று அவர்கள் முறையிட்டனர். தான் அறிந்ததனைப் பிறர்க்கு உணர்த்த வல்லமை இல்லாதவழிக் கணித அறிவாற் பயனில்லை என்பது அம்மையார் கொள்கை. அவர் எழுதச் செய்ததோடு அமையாது, எழுதியவற்றைத் திருத்தியுங் கொடுத்தார். ஆசிரியத் தொழில் புரிவோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

இரண்டாம் உலகப் போர் மூண்டகாலை நாட்டுக்குத் தொண்டு செய்ய விரும்பிய அம்மையார், வயது மிகுந்தும் உடல்நிறை குறைந்தும் இருந்த தடைகளைக் கடந்து, 1943ஆம் ஆண்டு மார்கழியிற் கடற்படையின் மகளிர் பிரிவிற் சேர்ந்தார். 1944இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஹவார்ட் எய்க்கன் தலைமையில் இயங்கிய கணிப்புப் பணிக்கு அனுப்பப்பட்டார். ஆங்கிருந்த மார்க் 1 என்னுங் கணிபொறி 51 அடி நீளமும் 8 அடி உயரமும் உடையது. அதனை இயக்கும் முறையை விளக்கி 561 பக்கங் கொண்ட கையேடொன்றை அம்மையார் ஆக்கினார். அது 1946இல் வெளிவந்தது. வகுப்பிலே மாணவியரைக் கட்டுரை எழுதச் செய்தவர், பொறிக்கே ஓர் உரை எழுதிய ஆசிரியராயினார்.

ஹாவர்டிலே நிரல் எழுதுவோர், முன்னர்ச் சோதித்துச் சரிகண்ட சிறு நிரல்களைத் தத்தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தனர். ஒருவர்க்குச் சைன் பெறுமானம் காணும் நிரல் வேண்டுமாயின், மற்றவர் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தெழுதுவார். அவ்விடத்தே பிழை புகுந்தது. 4 என்னும் இலக்கம் இடைவெளியைக் குறிக்கும் டெல்ற்றா என்னும் வடிவாக மாறிற்று. பி என்னும் ஆங்கில எழுத்து 13 என்னும் எண்ணாயிற்று. அன்றியும், பெயர்த்தெழுதிய நிரல் புதிய இடத்திற் பொருந்துதற்கு ஒவ்வொரு முகவரியோடும் ஓர் எண்ணைக் கூட்டல் வேண்டும். கணிதம் வல்லோரும் அக்கூட்டலிற் பிழைத்தனர்.

இச்செய்தி தமிழறிந்தோர்க்குப் புதிதன்று. நம் ஏட்டுச்சுவடிகளும் இவ்வாறே பெயர்த்தெழுதுவோர் கையிற் சிதைந்தன. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமையாலும், எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் வேறுபாடின்றி எழுதப்பட்டமையாலும், ரகரமும் காலும் ஒரே வடிவினவாயிருந்தமையாலும் ஒரு சொல் மற்றொன்றாயிற்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தபோது செய்த பணியுள் ஒரு பாதி, ஏடுகளை ஒப்புநோக்கி இத்தகைய வழுவைக் களைந்ததேயாம். அச்சேறிய பின்னர், ஒருமுறை திருத்தியது எல்லாப் படிகளிலும் திருந்தி நின்றது. ஏட்டுக்கு அச்சு செய்த உதவியை நிரலுக்குச் செய்வது யாது என்னும் வினாவே அம்மையார் உள்ளத்தில் விதையாக விழுந்தது.

ஈண்டு ஒரு பூச்சியின் கதையையுங் கூறுதல் வேண்டும். 1947ஆம் ஆண்டு புரட்டாதி 9ஆம் நாள், ஹாவர்டிலே சோதிக்கப்பெற்ற மார்க் 2 என்னும் பொறி பிழைபட இயங்கியது. ஆராய்ந்தபோது, 70ஆம் எண்ணுடைய மின்சாவியிலே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டிருக்கக் கண்டனர். அதனை எடுத்து, அன்றாடப் பதிவேட்டிலே ஒட்டி, நேரமும் இடமுங் குறித்து வைத்தனர். பூச்சியைக் கண்டவர் ஹொப்பர் அம்மையார் என்றும், பொறியின் பிழையைப் பூச்சி என்று ஆங்கிலத்தில் வழங்கும் வழக்கு அன்று தோன்றியது என்றும் பலர் கூறுவர். இரண்டும் பொருந்தா. பூச்சியைக் கண்டோர் உடனிருந்த பிறர்; அம்மையார் அக்கதையை ஊரெங்கும் பரப்பியவர். அவ்வழக்கோ 1878 அளவிலேயே எடிசன் எழுதிய கடிதத்திற் காணப்படுகின்றது. எனினும் அப்பதிவேடு இன்றும் சிமித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்திற் பேணப்படுதல் தக்கதே. பிழை நேர்ந்த நேரத்தையும் இடத்தையும் காரணத்தையும் மறையாது எழுதிவைத்த ஒழுக்கம் அதனாற் புலனாகின்றது.

போர் முடிந்தபின் வாசர் கல்லூரி பேராசிரியப் பதவி தர முன்வந்தது. அம்மையார் அதனை ஏலாது, பொறியோடு பழகும் பணியையே விரும்பி ஹாவர்டில் தங்கினார். ஆங்குப் பெண்ணொருவர்க்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1949இல் பிலடெல்பியாவில் யுனிவாக் கணினியை ஆக்கிக்கொண்டிருந்த எக்கேட்-மோக்லி நிறுவனத்திற் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தை ரெமிங்ரன் ராண்ட் நிறுவனம் வாங்கிற்று.

அங்கேதான் பழைய விதை முளைத்தது. சோதித்த சிறு நிரல்களையெல்லாம் காந்தநாடாவிற் பதித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் கொடுத்தார். வேண்டிய எண்களை வரிசைப்பட எழுதினால், கணினி தானே அந்நிரல்களை எடுத்து, முகவரிகளைக் கூட்டி, ஒன்றாகத் தொகுத்துத் தரும். பெயர்த்தெழுதலும் கூட்டலும் மனிதர் கையினின்று நீங்கின. ஏ-0 என்னும் இந்நிரல் பற்றி 1952ஆம் ஆண்டு வைகாசியிற் பிற்ஸ்பேர்க் நகரிலே கட்டுரை படித்தார். தொகுப்பதனால் அது தொகுப்பி எனப் பெயர் பெற்றது. இன்றைய தொகுப்பிகள் செய்வன பலவற்றை அது செய்ததில்லை. ஆயினும் நெறி அதுவே. கணினி எண்கணிதம் ஒன்றே செய்யும், நிரல் எழுதாது என்று கருதியோர் நெடுநாள் அதனை நம்பவில்லை.

1953இல் ஆக்கப்பட்ட ஏ-2 தொகுப்பியே அம்மையார் பணியின் முடிமணி என்பது எம் கருத்து. யுனிவாக் வாங்கியோர்க்கு அவ்வாண்டின் இறுதியில் அது வழங்கப்பட்டது. மூலநிரல் மறைக்கப்படாது உடன் கொடுக்கப்பட்டது. பயன்படுத்துவோர் தாம் செய்யுந் திருத்தங்களையும் மேம்பாடுகளையும் திருப்பி அனுப்புமாறும் வேண்டப்பட்டனர். தன் குற்றத்தைத் தானே காண்டல் அரிது. பலர் கண்ணுக்கு முன் வைத்தால் எளிது. ஆக்கியோன் ஒருவன், பயன்கொள்வோர் பலர் என்றிருந்த நிலை மாறிப் பயன்கொள்வோரும் ஆக்குவோராயினர். வன்னியிலே குளத்தை நம்பி வாழும் கமக்காரர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். மாரிக்கு முன் குளக்கட்டிலே நீர் கசியும் வளையொன்றைக் கண்டவன், அதனை மறைத்துப் போவானல்லன். ஊரைக் கூட்டிக் காட்டுவான். காட்டியவனை ஊர் பழிப்பதுமில்லை. மறைத்த வளை வயலனைத்தையும் அழிக்கும்.

பின்னர் வணிகக் கணக்குகளை ஆங்கிலச் சொற்களாலேயே எழுத வழிசெய்யும் ப்ளோ-மாற்றிக் என்னும் மொழியை அம்மையார் குழுவினர் ஆக்கினர். அதற்கு முன்னோடியாக ஒரு சிறு நிரலைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதிக் காட்டியபோது, நிறுவனத் தலைவர்கள் அமெரிக்கக் கணினிக்கு அயன்மொழி எவ்வாறு விளங்கும் என்று மருண்டனராம். கணினிக்கு எம்மொழியும் குறிகளின் வரிசையே என்பதனை அவர்க்கு உணர்த்துதல் எளிதாக இருக்கவில்லை.

1959ஆம் ஆண்டு வைகாசியில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்திற் கூடிய அறிஞர், எல்லா நிறுவனங்களின் கணினிகளுக்கும் பொதுவான ஒரு வணிகமொழி வேண்டுமெனத் துணிந்தனர். அதன் விளைவே கொபோல். அதனை யாத்தோர் பலர். அம்மையார் ஆலோசகராக நின்றார். அவர்தம் ப்ளோ-மாற்றிக் அதற்குப் பெரிதும் அடிப்படையாயிற்று. 1960ஆம் ஆண்டு மார்கழி 6, 7ஆம் நாள்களில் ஒரே கொபோல் நிரல் வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு கணினிகளில் இயக்கிக் காட்டப்பட்டது. எனினும் அம்மொழியின் முதல் விதிகளிற் பல வழுக்கள் இருந்தன. அவற்றை ஆராய்தற்கும், வினவுவோர்க்கு விடை கூறுதற்கும், மேம்பாடுகளைச் சேர்த்தற்கும் பராமரிப்புக் குழு ஒன்று இயங்கிற்று. மொழி பிறந்தபின் அதனைப் பேணுதல் தனித்தொழில் என்பது அதனாற் பெறப்பட்டது.

1966இன் இறுதியிற் கடற்படை அம்மையாருக்கு ஓய்வு கொடுத்தது. அடுத்த ஆண்டு ஆவணியில், ஆறு மாதப் பணிக்கென மீள அழைத்தது. அவ்வாறு மாதம் பல்லாண்டுகளாக நீண்டது. காரணம் யாதெனின், ஒரே கொபோல் விதியை ஒவ்வொரு நிறுவனத்தின் தொகுப்பியும் ஒவ்வொரு வகையாகப் பொருள்கொண்டது. ஒரு நூற்பாவுக்கு உரையாசிரியர் பலர் பலவாறு உரைப்பின் கற்போர்க்கு இனிமை உண்டு. சம்பளக் கணக்குக்கு அது கேடு. அம்மையார் தலைமையிற் சோதனை நிரல்கள் ஆக்கப்பட்டன. அவற்றைத் தொகுப்பியிலே செலுத்தினால், விதிக்கு மாறான இடங்கள் வெளிப்படும். ஒரு தொகுப்பி சரியானது என்று அதனை விற்போர் சொல்வது போதாது, தேர்விலே தேறல் வேண்டும் என்னும் நெறி அவ்வாறு நிலைபெற்றது.

முதுமையிலும் ஊர்தோறுஞ் சென்று சொற்பொழிவாற்றினார். நூறு கோடியில் ஒரு பங்கு வினாடியில் ஒளி செல்லுந் தொலைவு எவ்வளவு என்பதனைக் காட்ட, ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள கம்பித்துண்டுகளைக் கேட்போர்க்கு வழங்குவார். கடற்படைத் தளபதிகள் வரிசையில் உயர்ந்து, 1986ஆம் ஆண்டு ஆவணியில் 79ஆம் வயதில் ஓய்வு பெற்றார். 1992ஆம் ஆண்டு தை மாதம் முதலாம் நாள் உயிர்நீத்தார். ஆர்லிங்ரன் மயானத்தில் அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. 2016இல் அமெரிக்க அரசு சுதந்திரப் பதக்கத்தை அவர் பெயருக்கு வழங்கிற்று.

இன்று பெருவழக்கிலுள்ள நிரல்மொழிகள் பலவும் தம் தொகுப்பிக்கும் நூலகத்துக்கும் பொது வழுப்பதிவேடு வைத்திருக்கின்றன. எவரும் தாம் கண்ட வழுவை அறிவிக்கலாம். அதற்கு ஓர் எண் இடப்படும். அது மீண்டும் நிகழுமாறு காட்டும் சிறு நிரல் கேட்கப்படும். திருத்தியபின் அது திரும்ப வாராமைக்குச் சோதனை நிரலொன்று சேர்க்கப்படும். அறிவித்தவர் பேராசிரியரா பள்ளி மாணவரா, நியூயோர்க்கில் உள்ளவரா துணுக்காயில் உள்ளவரா என்று அப்பதிவேடு வினவுவதில்லை. வழு உண்மையா என்பதொன்றே வினா.

நம் வகுப்புகளிலே பிழை கண்ட மாணவன் வாய்திறக்க அஞ்சுகின்றான். பிழைவிட்ட ஆசிரியன் ஒப்ப நாணுகின்றான். இவ்விருவர்க்குமிடையே வழு முதிர்ந்து மரபாகிவிடுகின்றது. சிவப்பு மையாற் சுழித்து ஒதுக்குவதற்கன்றி, ஆராய்ந்து பலர்க்கும் பயன்படுத்துவதற்கே பிழை உரியது என்பதனை ஹொப்பர் அம்மையாரின் வாழ்க்கை காட்டுகின்றது. கரும்பலகையிலே நேர்ந்த பிழையைச் சுட்டும் மாணவனை முன்னழைத்து, அவன் கையிலேயே வெண்கட்டியைக் கொடுக்கும் ஆசிரியர் அவ்வழியைத் தொடர்ந்தவராவர்.