எழுத்தைச் சுமந்தவர்: சி.சு. செல்லப்பா

ராஜம் ஐயரையும் பி.எஸ். ராமையாவையும் தமிழுக்குத் தந்த வத்தலக்குண்டில், 1912 செப்டம்பர் 29 அன்று பிறந்தவர் சி.சு. செல்லப்பா. சொந்த ஊர் சின்னமனூர். காந்தியத்தில் ஊறிய இளைஞராக விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 'மணிக்கொடி'யில் எழுதிச் சிறுகதையாளராகப் பெயர் பெற்றார். மஞ்சுவிரட்டுக் களத்தை அப்படியே கண்முன் நிறுத்தும் 'வாடிவாசல்' ஒன்றே அவர் பெயரை நிலைநிறுத்தப் போதுமானது. ஆயினும் அவர் தம் படைப்போடு நின்றுவிடவில்லை.

'மணிக்கொடி' மறைந்தபின், அதனால் ஒருங்கே நின்ற எழுத்தாளர்கள் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். வணிக இதழ்கள் பெருகின. விற்பனையே தரத்தின் அளவுகோலாயிற்று. தேர்ந்த எழுத்துக்கு ஒரு களமும், எழுதுவோர் ஒருவரையொருவர் கண்டுகொள்ள ஒரு முற்றமும் இல்லாத அந்நிலையில், 1959 ஜனவரியில் செல்லப்பா 'எழுத்து' என்னும் மாத இதழைத் தொடங்கினார். பின்னால் நிறுவனம் இல்லை. பொருள் தருவாரும் இல்லை. இரண்டாயிரம் பிரதிகளுக்குமேல் அச்சிடுவதில்லை, சந்தாதாரர்க்கு மட்டுமே அனுப்புவது என வரையறை வகுத்துக்கொண்டார். அந்த எண்ணிக்கை இறுதிவரை நிறைவேறவேயில்லை.

விமர்சனத்தை வளர்ப்பதே அவர் முதன்மையாகக் கொண்ட நோக்கம். ஆனால் அந்நிலத்தில் செழித்து எழுந்ததோ புதுக்கவிதை. கவிதையை நெடுநாள் விட்டிருந்த, அறுபதை நெருங்கிய ந. பிச்சமூர்த்தி 'பெட்டிக்கடை நாரண'னோடு மீண்டும் வந்தார். நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி, பசுவய்யா என்னும் பெயரில் கவிதை எழுதினார். திருகோணமலையிலிருந்து இருபது வயதளவேயான தருமு சிவராமு எழுதினார். சி. மணி, எஸ். வைதீஸ்வரன், தி.சோ. வேணுகோபாலன் ஆகியோரும் இணைந்தனர். விமர்சனத்தில் வெங்கட் சாமிநாதனின் குரல் இங்குதான் முதலில் ஒலித்தது. ஊராலும் வயதாலும் வேறுபட்ட இவர்களை ஒரு சில பக்கங்களே உறவாக்கின. எதிர்பாராது முளைத்த பயிரைக் களையென்று தள்ளாமல் நீர் வார்த்ததே செல்லப்பாவின் பெருமை. 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட 'புதுக்குரல்கள்', அவ்வுறவின் ஆவணமாயிற்று.

இதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. அச்சிட்ட நூல்கள் விற்பனையாகாமல் தேங்கியபோது, மூட்டையாகக் கட்டித் தாமே சுமந்து, ஊர் ஊராகக் கல்லூரிகளின் வாசலை மிதித்தார். ஏற்றவர் சிலர், திருப்பியனுப்பியவர் பலர். வறுமை வந்ததேயன்றி, விற்பனைக்காக இதழின் முகத்தை மாற்ற அவர் இசையவில்லை. பிடிவாதக்காரர் என்ற பெயரும் அவருக்குண்டு. கருத்து வேறுபாடுகள் எழுந்தன. நண்பர் சிலர் விலகினர். க.நா.சு. 1963இல் 'இலக்கிய வட்டம்' தொடங்கினார். சி. மணியும் நண்பர்களும் 1968இல் சேலத்திலிருந்து 'நடை'யை வெளியிட்டனர். ஒரு விளக்கில் ஏற்றிய திரிகள் தனித்தனியே எரியத் தொடங்கியதைத் தோல்வி எனக் கொள்வது பொருந்தாது.

119 இதழ்களோடு 1970இல் 'எழுத்து' நின்றது. செல்லப்பா நிற்கவில்லை. முதுமையிலும் எழுதி, 'சுதந்திர தாகம்' என்னும் மூன்று பாகப் பெருநாவலை 1997இல் தம் முயற்சியிலேயே வெளியிட்டார். மறு ஆண்டு டிசம்பர் 18 அன்று மறைந்தார். சாகித்திய அக்காதெமி விருது 2001இல் அந்நாவலைத் தேடி வந்தது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

சந்தாக் கணக்கில் 'எழுத்து' நட்டப்பட்ட இதழ். கவிதைக் கணக்கிலோ, அதன்பின் தமிழில் புதுக்கவிதை எழுதிய ஒவ்வொருவரும் அதற்குக் கடன்பட்டவரே. சிலராகக் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் கருத்தூன்றிப் படிக்கும் இலக்கிய வட்டம் எதுவாயினும், அதன் திண்ணையில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அமரும் உரிமை செல்லப்பாவுக்கு உண்டு.