தண்டாலும் பஸ்கியும் வளர்த்த மாமல்லர்: காமா பயில்வானின் வாழ்வும் இன்றைய உடற்பயிற்சியும்

தோல்வியே அறியாத மல்லர் எனப் போற்றப்படும் காமா பயில்வானின் பயிற்சி முறை, அவர் மறைந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் உடற்பயிற்சிக் கூடங்களில் பேசப்பட்டு வருகிறது. நாளொன்றுக்கு 5,000 பஸ்கி, 3,000 தண்டால் என அவர் பெயரோடு வழங்கும் எண்கள் இளைஞர்களுக்கு ஓர் அறைகூவலாகவே ஆகிவிட்டன. அத்தகைய உழைப்பைத் தாங்கும் உடல் எவ்வாறு உருவானது என்பதை அவரது வாழ்க்கை வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஜோத்பூரில் நிலைத்து நின்ற சிறுவன்

குலாம் முகமது பக்‌ஷ் என்ற இயற்பெயர் கொண்ட காமா, 1878-ஆம் ஆண்டு மே 22 அன்று பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில் உள்ள ஜப்போவால் கிராமத்தில், மல்லர்களைத் தந்த காஷ்மீரி வழிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை முகமது அஜீஸ் பக்‌ஷும் மல்லரே. சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரைத் தாய்வழிப் பாட்டனாரும், அவருக்குப் பின் தாய்மாமனும் வளர்த்துப் பயிற்றுவித்தனர்.

1888-ஆம் ஆண்டு ஜோத்பூரில் பஸ்கிப் போட்டி ஒன்று நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்கள் அதில் கலந்துகொண்டனர். இறுதிவரை நின்ற பதினைந்து பேரில் பத்து வயதுச் சிறுவன் காமாவும் ஒருவர். அவரது வயதைக் கருதி ஜோத்பூர் மகாராஜா அவரையே வெற்றியாளராக அறிவித்தார். அதன் பின்னர் ததியா சமஸ்தானம் அவரைத் தன் ஆதரவில் ஏற்றுக்கொண்டது.

கோதாவின் பாடத்திட்டம்

அக்காலத்து மல்லர்களுக்குக் கோதாவே பள்ளிக்கூடம். எண்ணெயும் மோரும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்டுவதும் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது. தண்டால் மார்பு, தோள், முதுகு ஆகியவற்றை உறுதிப்படுத்தியது. பஸ்கி கால்களுக்கும் மூச்சுக்கும் வலுச் சேர்த்தது. கர்லாக்கட்டைச் சுழற்சி தோள்மூட்டையும் பிடியையும் வளர்த்தது. இவற்றுக்குப் பின் சக மல்லர்களோடு நீண்ட நேரம் பொருதுவது வழக்கம்.

இவை அனைத்தும் உஸ்தாதின் கண்காணிப்பில், ஆண்டுக்கணக்கில், சிறிது சிறிதாகக் கூட்டப்பட்டன. சிறு வயதில் சில நூறுகளில் தொடங்கிய எண்ணிக்கையே பின்னாளில் ஆயிரங்களை எட்டியதாகக் கூறப்படுகிறது. பால், நெய், பாதாம் முதலிய செலவு மிகுந்த உணவையும், உடலைப் பிடித்துவிடுவோரையும், வேறு வேலையின்றி ஓய்வெடுக்கும் வாய்ப்பையும் சமஸ்தானம் வழங்கியது. அந்த ஏற்பாடு முழுவதும் சேர்ந்ததே காமாவின் வலிமை.

லண்டனும் பாட்டியாலாவும்

1895-ஆம் ஆண்டில், பதினேழு வயதில், ஏறத்தாழ ஏழடி உயரம் கொண்ட புகழ்பெற்ற மல்லர் ரஹீம் பக்‌ஷ் சுல்தானிவாலாவை எதிர்த்து நின்று காமா சமன் செய்தார். ஐந்தடி ஏழு அங்குல உயரமே கொண்ட இளைஞரின் பெயர் அன்று முதல் நாடெங்கும் பரவியது.

1910-இல் தம்பி இமாம் பக்‌ஷுடன் லண்டன் சென்றபோது, உயரக் குறைவைக் காட்டி முதலில் அவருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது. அவர் பகிரங்கமாகச் சவால் விடுத்து, அமெரிக்க மல்லர் பெஞ்சமின் ரோலரைச் சில நிமிடங்களில் வீழ்த்தினார். செப்டம்பர் 10 அன்று போலந்து நாட்டு மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுடன் மோதினார். காமாவைவிட எடை மிகுந்த ஸ்பிஸ்கோ, தரையோடு தரையாகப் படுத்தே தற்காத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் முயன்றும் காமாவால் அவரைப் புரட்ட இயலவில்லை. மீண்டும் மோதுவதற்குக் குறிக்கப்பட்ட செப்டம்பர் 17 அன்று ஸ்பிஸ்கோ வராததால், ‘ஜான் புல்’ பட்டயம் காமாவுக்கு வழங்கப்பட்டது.

தாயகம் திரும்பிய அவர், அலகாபாத்தில் ரஹீம் பக்‌ஷை வென்று ‘ருஸ்தம்-ஏ-ஹிந்த்’ பட்டம் பெற்றார். 1928-இல் பாட்டியாலா மகாராஜாவின் ஏற்பாட்டில் ஸ்பிஸ்கோ மீண்டும் எதிரே நின்றார். அப்போது இருவருமே நடுவயதைக் கடந்தவர்கள். பல்லாயிரம் பேர் கூடியிருந்த அப்போட்டி ஒரு நிமிடத்துக்குள் காமாவின் வெற்றியுடன் முடிந்தது.

இன்றைய பயிற்சிக்கு எது பொருந்தும்?

உடலின் சொந்த எடையைக் கொண்டே செய்யும் தண்டாலும் பஸ்கியும் பின்னர் கடல் கடந்தன. கார்ல் காட்ச் என்ற பயிற்சியாளர் வழியாக அவை ஜப்பானிய மல்யுத்தக் கூடங்களில் வேரூன்றின. கர்லாக்கட்டையும் கதையும் இன்று நவீன ஜிம்களிலும் இடம்பெற்றுள்ளன.

எனினும், பழக்கமில்லாதவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுப்பது ஆபத்தானது. தசை இழைகள் சிதைந்து, அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் ‘ராப்டோமயோலிசிஸ்’ என்ற நிலை இத்தகைய திடீர் முயற்சிகளால் ஏற்படுவதை மருத்துவ உலகம் பதிவு செய்துள்ளது. கடும் தசைவலியுடன் சிறுநீர் கருத்த நிறத்தில் வெளியேறினால் உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் தாங்குதிறன் வளரும். உச்ச வலிமைக்குப் பளுவும் கூட வேண்டும் என்பது இன்றைய பயிற்சியியலின் அடிப்படை. காமாவும் எடையைத் தவிர்த்தவர் அல்லர். பஸ்கியின்போது அவர் கழுத்தில் அணிந்ததாகக் கூறப்படும் 95 கிலோ வளையம் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவன அருங்காட்சியகத்தில் உள்ளது. படிப்படியான ஏற்றம், பயிற்சியாளரின் கண்காணிப்பு, போதிய உணவு, ஓய்வு ஆகிய நான்கும் கோதாவுக்கும் ஜிம்முக்கும் பொதுவானவை.

லாகூரில் இறுதி நாட்கள்

1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் காமா லாகூரில் வாழ்ந்தார். கலவர நாட்களில் தம் பகுதியில் வசித்த இந்துக் குடும்பங்களுக்கு அவர் அரணாக நின்றதாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. சமஸ்தானங்கள் மறைந்ததோடு மல்லர்களைத் தாங்கிய ஆதரவும் மறைந்தது. முதுமையில் நோயும் வறுமையும் அவரைச் சூழ்ந்தன. அவர் நிலையறிந்து இந்தியத் தொழிலதிபர் ஜி.டி. பிர்லா பண உதவி அனுப்பினார்.

1960-ஆம் ஆண்டு மே 23 அன்று, 82-ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், காமா லாகூரில் காலமானார். 2022-ஆம் ஆண்டு மே 22 அன்று கூகுள் நிறுவனம் சிறப்புச் சித்திரம் வெளியிட்டு அவரை நினைவுகூர்ந்தது.