சேர் பொன்னம்பலம் இராமநாதன்: பட்டமும் பணியும்

சைவமும் தமிழும் தழைக்க உழைத்த பெரியார்களுள் ஒருவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள். அன்னாரின் பெயருடன் ஒட்டி நிற்கும் "சேர்" என்னும் சொல்லின் வரலாறு பலரும் அறியாததாகும்.

1851 ஆம் ஆண்டு பிறந்த இராமநாதன் 1879 இல் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். 1889 இல் பிரித்தானிய முடி அவருக்கு சி.எம்.ஜி. விருதை வழங்கியது. இது சென் மைக்கேல், சென் ஜோர்ஜ் ஆகிய புனிதர்களின் பெயரால் அமைந்த விருதணியைச் சேர்ந்தது. மோல்டா, அயோனியத் தீவுகள் ஆகியவற்றின் பிரமுகர்களைக் கௌரவிக்க 1818 இல் நிறுவப்பட்ட இவ்வணி, 1868 இல் ஏனைய குடியேற்ற நாடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இதில் மூன்று படிகள் உண்டு. ஜி.சி.எம்.ஜி. முதலாவது, கே.சி.எம்.ஜி. இரண்டாவது, சி.எம்.ஜி. மூன்றாவது. மேலிரு படிகளை அடைந்த ஆடவரே "சேர்" என அழைக்கப்படுவர். ஆகவே 1889 இல் இராமநாதன் "சேர்" ஆகவில்லை.

1892 இல் சொலிசிற்றர் ஜெனரல் பதவியும் வந்தது. முடியரசின் விருதும் பதவியும் பெற்றவர்கள் ஆட்சியாளரை எதிர்த்துப் பேசத் தயங்கிய காலம் அது. ஆயினும் 1915 இல் சிங்கள, முஸ்லிம் மக்களிடையே கலவரம் மூண்டு, இராணுவச் சட்டத்தின் கீழ் சிங்களத் தலைவர்கள் பலர் சிறையிடப்பட்டபோது, அவர் சபையில் அஞ்சாது குரல் கொடுத்தார். முதலாம் உலக யுத்தக் காலத்தில் கடற்பயணத்தின் ஆபத்தையும் பொருட்படுத்தாது இங்கிலாந்து சென்று முறையிட்டார். அவரது நிலைப்பாடு முஸ்லிம் மக்களிடையே மனத்தாங்கலை உண்டாக்கியதும் உண்மையே. திரும்பி வந்த அவரைச் சிங்களத் தலைவர்கள் வண்டியில் அமர்த்தித் தம் கைகளாலேயே இழுத்துச் சென்றனர். எந்த விருதணியின் படிகளிலும் இல்லாத கௌரவம் அது.

அவர் பேச்சால் சங்கடப்பட்ட அதே பேரரசு 1921 இல் அவருக்கு "சேர்" பட்டத்தை அளித்தது. அது விருதணி எதிலும் சேராத தனி வீரப்பட்டமாகும்.

பட்டங்கள் அவரது பணியைத் திசைதிருப்பவில்லை. தந்தையார் கொழும்பு கொச்சிக்கடையில் அமைத்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கல்லால் புதுக்கினார். 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவினார். பின்னையது அமைந்த இடத்திலேயே 1974 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது.

1930 இல் அன்னார் சிவபதமடைந்தார். பட்டம் தந்த பேரரசு மறைந்துவிட்டது. கருங்கல் ஆலயத்தில் மணியோசை இன்றும் ஒலிக்கின்றது.