விதைகளுக்குக் காவல் இருந்தவர்

கொசஸ்தலை ஆற்றுக்கும் மணலித் தொழிற்பேட்டைக்கும் இடையே ஒதுங்கிக் கிடக்கும் ஊர் சடையங்குப்பம். அங்கு நின்றால் மணலி ஆலைகளின் புகைபோக்கிகள் கண்ணில் படும். அந்த ஆலைகளுள் ஒன்று, தமிழக உழவர்கள் 'விஜய்' யூரியா மூட்டையின் வழியாக அறிந்திருக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். இந்திய அரசும் அமோகோ என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனமும் கூட்டாக அதைத் தொடங்கியது 1966 டிசம்பரில். அதே 1966-இல்தான் ஒடிஸாவின் கட்டாக் நகரில் இருந்த மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் ராதேலால் ஹரேலால் ரிச்சாரியா பணியிலிருந்து ஓய்வளித்து அனுப்பப்பட்டார். இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால், புதிய குட்டை ரக நெல்லும் அதற்கு வேண்டிய ரசாயன உரமும் ஒரே கொள்கையின் இரு கைகள். அந்தக் கொள்கையின் வேகத்துக்குக் குறுக்கே நின்றவர் ரிச்சாரியா.

ஆராய்ச்சித் திருட்டு என்றதும் ஏவுகணை வரைபடமும் கணினி ஊடுருவலும்தான் இன்று நம் நினைவுக்கு வருகின்றன. வெளிநாட்டுக் கூட்டாளிகளின் பின்னணியை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களுக்கு அறிவுறுத்தல்கள் வந்தவண்ணம் உள்ளன. உளவாளி என்று ஒருவரும் இல்லாமலேயே ஒரு நாட்டின் ஆராய்ச்சிச் செல்வம் கைமாறக்கூடும் என்பதற்கு ரிச்சாரியாவின் வாழ்க்கையைக் காட்டிலும் தெளிவான சான்று நம் நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1909-இல் பிறந்தவர் அவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, பிகாரில் பணியாற்றினார். 1959-இல் கட்டாக் நிலையத்தின் இயக்குநரானார். வங்கப் பஞ்சத்தின் வடு ஆறாத 1946-இல், கோவை நெல் ஆராய்ச்சியில் பெயர் பெற்ற கே.ராமையாவை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கப்பட்ட நிலையம் அது. இந்திய உழவர்கள் பல நூறு தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துக் காத்த ரகங்களிலேயே நமக்கு வேண்டிய குணங்கள் எல்லாம் ஒளிந்திருக்கின்றன என்பது ரிச்சாரியாவின் உறுதியான நம்பிக்கை. அவற்றை முதலில் நாமே முழுமையாக அறிந்துகொள்ள வேண்டும் என்றார்.

1960-இல் ஃபோர்டு, ராக்பெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. தைவானின் 'தைச்சுங் நேட்டிவ் 1' ரகமும், பின்னர் ஐ.ஆர்.8 ரகமும் இந்தியாவுக்குள் விரைந்து வந்தன. நோய்களுக்கு எளிதில் இரையாகும் வெளிநாட்டு விதையைப் போதிய சோதனையின்றி இறக்கக் கூடாது என்று ரிச்சாரியா எதிர்த்தார். தைச்சுங் ரகம் துங்ரோ நோய்க்கும் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் ஆளானதை நாடு பிறகு வயல்களில் கண்டது. ஆனால், அதற்குள் அவர் பதவியில் இல்லை. நீதிமன்றம் சென்று போராடி வென்றார். அந்த வழக்கு அவரது வாழ்வில் சில ஆண்டுகளை விழுங்கியது.

அவர் சொன்ன அனைத்தும் சரி என்று நான் வாதிடவில்லை. 1965, 1966 வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி நாடு காத்திருந்தது. அந்த நிலையில் எந்த அரசும் விளைச்சல் தரும் விதையைத்தான் தேடியிருக்கும். விதைப் பரிமாற்றமும் ஒருவழிப் பாதையன்று. போரில் தன் பாரம்பரிய நெல் ரகங்களை இழந்த கம்போடியாவுக்கு, அவற்றைத் திருப்பித் தந்தது லாஸ் பானோஸின் சேமிப்புக் கிடங்குதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. சடையங்குப்பத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய டி.கே.எம்.6, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் நெல். அது பிலிப்பைன்ஸ் சென்று, ஐ.ஆர்.20-இன் பெற்றோருள் ஒன்றாகி, புதிய பெயருடன் நம் வயலுக்கே திரும்பி வந்தது. தமிழகம் ஐ.ஆர்.20 அரிசியை விரும்பி உண்டது. அதில் திரூரின் பங்கு எவ்வளவு என்று உண்டவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? அந்தப் பரிமாற்றத்தில் தவறில்லை. கொடுத்தவரின் பெயர் மறைந்துபோனதுதான் உறுத்துகிறது.

ரிச்சாரியாவின் இரண்டாம் இன்னிங்ஸ் முதலாவதைவிடப் பெரியது. 1970-களின் தொடக்கத்தில் மத்தியப் பிரதேச அரசு அவரை அழைத்தது. ராய்ப்பூரில் சொற்பமான நிதி, மிகச் சில உதவியாளர்கள். அதை வைத்துக்கொண்டு சத்தீஸ்கர் பகுதியின் ஊர்களில் இருந்து ஏறத்தாழ 19,000 நெல் மாதிரிகளைத் திரட்டினார். ஒவ்வொன்றின் குணத்தையும் பதிவு செய்தார். சர்வதேச நிறுவனம் பரிமாற்றம் கோரியபோது, தாம் இன்னும் ஆராய்ந்து முடிக்காததைக் கொடுக்க இயலாது என்று மறுத்ததாக அவரே பின்னர் கூறியிருக்கிறார். சில ஆண்டுகளில் அந்த நிலையம் மூடப்பட்டு, சேகரிப்பு வேளாண் பல்கலைக்கழகத்தின் வசம் சென்றது. உலக வங்கி நிதியுடன் வந்த திட்டத்துக்காகவே மூடினார்கள் என்பது அவர் தரப்புக் குற்றச்சாட்டு. 1996-இல் அவர் மறைந்தார்.

அவர் அஞ்சியது ஆறு ஆண்டுகள் கழித்து நடக்கப் பார்த்தது. 2002-இல் ராய்ப்பூரின் இந்திரா காந்தி வேளாண் பல்கலைக்கழகம், சுவிட்சர்லாந்தின் சின்ஜென்டா நிறுவனத்துடன் கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தத்துக்கு முன்வந்தது. ரிச்சாரியா திரட்டிய விதைகள் அந்த நிறுவனத்தின் கைக்கு எட்டும் நிலை. செய்தி வெளியானதும் உழவர்களும் அறிவியலாளர்களும் கொதித்தெழுந்தனர். அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் பின்வாங்கியது. இதில் களவு எங்கும் இல்லை. ஓர் ஒப்பந்தம், சில கையொப்பங்கள், அவ்வளவே. நான் பணியாற்றிய நாள்களிலும் வெளிநாட்டுப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தான செய்தியைப் புகைப்படத்தில் பார்த்துத்தான் துறைப் பேராசிரியர்கள் தெரிந்துகொள்வோம். தரவு யாருக்குச் சொந்தம் என்ற பிரிவை அப்போது எவரும் படித்துக் காட்டியதில்லை. கேட்கத் தோன்றாமல் இருந்ததில் எனக்கும் பங்குண்டு.

அதே 2002-இல் நாடாளுமன்றம் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தை இயற்றியது. வெளிநாட்டவர் நம் உயிரின வளங்களைப் பெறவும், அவற்றின் மீதான ஆராய்ச்சி முடிவுகளை நாம் அவர்களுக்குக் கைமாற்றவும் முன் ஒப்புதல் தேவை என்றது. ஒப்புதல் வழங்கும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. ஆனால், அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்ட, அரசு அங்கீகரித்த கூட்டு ஆராய்ச்சித் திட்டங்களுக்கு அந்தச் சட்டமே விலக்கும் அளிக்கிறது. அந்த வாசலில் காவல் இருக்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுதான்.

அந்த விதைகள் ராய்ப்பூரிலேயே இருக்கின்றன. சேகரிப்பு இப்போது 23,000-ஐக் கடந்துவிட்டது. ஒருகாலத்தில் அவற்றைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொள்ளவிருந்த அதே பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று ரிச்சாரியாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.