வோல்டா: அளவைக்குப் பெயர் தந்த அறிஞர்

மின்சாரம் என்றதும் "வோல்ட்" என்னும் சொல் நம் நாவில் தானே வந்துவிடுகிறது. அச்சொல்லுக்கு உரியவர் அலெசாண்ட்ரோ வோல்டா. 1745 பிப்ரவரி 18இல் இத்தாலியின் கோமோ நகரில் பிறந்தவர். நான்கு வயதுவரை வாய் திறவாத அப்பிள்ளை, பின்னாளில் பவியா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பேராசிரியரானார்.

செத்த தவளையின் கால், இரு உலோகங்கள் பட்டதும் துடிப்பதைக் கண்ட கால்வானி, அது விலங்கின் மின்சாரமே என்று 1791இல் வெளியிட்டார். வோல்டாவுக்கோ ஐயம் எழுந்தது. உலோகங்களே காரணம் என்று கருதினார். இரு வேறு உலோகங்களைத் தம் நாவிலேயே வைத்துச் சுவை பார்த்தார். புளிப்புத் தட்டியது!

வெள்ளி, துத்தநாக வில்லைகளை உப்புநீரில் நனைத்த அட்டைகளுடன் மாறி மாறி அடுக்கினார். அடுக்கு உயர உயர, தொட்ட கைகளில் அதிர்ச்சியும் கூடியது. 1800 மார்ச் 20ஆம் நாளிட்ட கடிதத்தில் இதனை லண்டன் ராயல் சங்கத்துக்கு அறிவித்தார். உலகின் முதல் மின்கல அடுக்கு அதுவே.

ஒருமுறை அதன் முனைகளைக் காதுகளில் வைத்துப் பார்த்தார். தலைக்குள் அதிர்ச்சி, ஏதோ கொதிப்பது போன்ற ஓசை. ஆபத்தை உணர்ந்து அதை மீண்டும் செய்யாமல் விட்டார். அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த விவேகமே. வைக்கோல் தாள்கள் விலகுவதைக் கண்ணால் கண்டு மின்னழுத்தத்தை அறியும் கருவியையும் அவரே அமைத்திருந்தார்.

எங்கள் மடுகரைச் சாலையில் செல்லும் மின்சாரக் காரிலும் அதே அடுக்கு முறைதான். லித்தியம் மின்கலம் ஒன்று சுமார் 3.7 வோல்ட், நூறு சேர்ந்தால் 370 வோல்ட். உயிரைக் குடிக்கவல்ல அழுத்தம்! அளவு மீறி மின்னேற்றினால் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே அளந்துகொண்டே இருக்க வேண்டும், ஆனால் தொடலாகாது. பெரிய மின்தடையையும் சிறிய மின்தடையையும் தொடராக இணைத்து, சிறியதன் மீது விழும் நூறில் ஒரு பங்கை மட்டும் அளக்கிறார்கள். பெரிய தடையையும் பல துண்டுகளாகப் பிரித்து வைப்பதுண்டு. ஒன்று பழுதானாலும் மற்றவை காக்கும். அளவுச் செய்தியை ஒளி வழியாக அனுப்பினால், உயர் அழுத்தப் பகுதிக்கும் நாம் தொடும் பகுதிக்கும் இடையே கம்பித் தொடர்பே இராது.

1801இல் பாரிசில் நெப்போலியன் முன் தம் அடுக்கை இயக்கிக் காட்டிய வோல்டா, 1827 மார்ச் 5இல் மறைந்தார். 1881இல் அதே பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு, மின்னழுத்த அளவைக்கு அவர் பெயரைச் சூட்டியது. தோழர்களே, ஆய்வுக்கூடத்தில் வோல்ட்மீட்டரைக் கையில் எடுக்கும்போது, நம் நாவும் செவியும் படவேண்டிய துன்பத்தை அம்முள் ஏற்றுக்கொள்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.