சொல் தேடிய செம்மல்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன்)

மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் நான், எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். பாடநூலில் வரும் கடினமான ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்க வீட்டில் ஒருவரும் இல்லை. எனக்கு அகராதிதான் அண்ணன். அந்த அண்ணனை நமக்குத் தந்த பெருமக்களுள் ஒருவரைப் பற்றி எழுத விழைகிறேன்.

யோகான் பிலிப் பெப்ரிசியஸ் 1711-இல் ஜெர்மனியில் பிறந்தார். சட்டமும் இறையியலும் பயின்றார். 1740-இல், டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்குச் சமய ஊழியராக வந்தார். இரண்டே ஆண்டுகளில் ஆங்கிலேயரின் சென்னைக்குச் சென்று, இறுதிவரை அங்கேயே உழைத்தார். அவருக்குத் தமிழும் அயல்மொழி, ஆங்கிலமும் அயல்மொழி!

அமைதியாக அமர்ந்து எழுதும் காலமா அது? 1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியபோது, அவர் பழவேற்காட்டில் அடைக்கலம் புக நேர்ந்தது.

1761-இல் காட்சி மாறியது. ஆங்கிலேயர் நம் புதுச்சேரியைப் பிடித்தனர். இங்கிருந்து அள்ளிச் சென்ற பொருள்களில் ஓர் அச்சு இயந்திரமும் இருந்தது. அரசாங்க வேலைக்கே முதலிடம் என்ற நிபந்தனையுடன் அதனைப் பெப்ரிசியஸிடம் ஒப்படைத்தனர். வேப்பேரி அச்சகம் அவ்வாறு பிறந்தது. போரில் நம் ஊர் இழந்த பொருள், கல்விக்குக் கருவியாயிற்று.

அவ்வச்சகத்தில் 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதி வெளிவந்தது. உடனுழைத்தவர் பிரைத்தாப்ட். ஏறத்தாழ 9,000 சொற்கள். தனிச்சொல்லோடு நில்லாமல், வழக்கிலுள்ள தொடர்களுக்கும் ஆங்கில விளக்கம் தந்தனர். 1786-இல் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் கூறும் பகுதியும் வந்தது.

சொற்பொருள் கண்ட அவருக்குக் கைப்பொருள் வசப்படவில்லை. தம்மை நம்பிப் பிறர் அளித்த பணத்தைக் கடனாகக் கொடுத்து இழந்தார். முதுமையில் கடனுக்காகச் சிறையும் புகுந்தார். பணத்தை இழந்தவர்களின் துன்பத்தையும் நாம் மறத்தல் ஆகாது. 1791-இல் அவர் மறைந்தார்.

அவர் நட்ட செடி வாடவில்லை. 1862-இல் வின்சுலோ 67,000-க்கும் மேற்பட்ட சொற்களுடன் தமிழ்–ஆங்கிலப் பேரகராதி வெளியிட்டார். பெப்ரிசியஸின் அகராதியோ 1897-இல் தரங்கம்பாடியில் விரிந்த பதிப்பாக வந்தது. இன்று கணினியிலும் கிடைக்கிறது.

தமிழ்வழியில் பயின்று வந்த தோழர்களே! ஆங்கிலச் சொற்களைக் கண்டு மலைக்கிறோம். நமக்கு ஒரு மொழிதான் புதிது. அவருக்கோ இரண்டும் புதியவை. அவரும் ஒவ்வொரு சொல்லாகத்தான் சேர்த்திருப்பார். அவர் காட்டிய வழியில், சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாது அது வழங்கும் தொடரோடு குறித்து வைத்தால் நெஞ்சில் நிற்கும். நாளைக்கு ஐந்து சொற்கள் போதும். ஆண்டுக்கு 1,825 ஆகும். நம் தம்பி தங்கையர் பொருள் கேட்கும்போது, சொல்ல வீட்டில் நாம் இருப்போம்.