கிடாவின் பாலை அளந்தவர்

கிள்ளானில் என் தாத்தா பால் ஆடுகள் வளர்த்தார். கிடா வாங்கும்போது உடற்கட்டையும் காது நீளத்தையும்தான் பார்ப்பார். ஒருமுறை அப்படி வாங்கிய அழகான கிடாவின் பெட்டைக் குட்டிகள் வளர்ந்து ஈன்றபோது, தாய் ஆடுகள் தந்ததில் பாதிப் பால்கூடத் தரவில்லை. இரண்டு ஆண்டு உழைப்பு வீண். காரணம் எனக்கு விளங்கியது, ஜே லஷ் என்ற அறிவியலாளரைப் பற்றிப் படித்த பிறகுதான்.

லஷ் 1896-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர். டெக்சாஸில் பணியாற்றியபோது டோகன்பர்க் இனப் பால் ஆடுகளின் கொம்பும் நிறமும் எப்படிக் குட்டிகளுக்குப் போகின்றன என்று ஆராய்ந்தார். 1930-இல் ஐயோவா மாநிலக் கல்லூரிக்கு வந்தார்.

ஆண் விலங்கு பால் தராது. ஆனால் மகளின் மரபணுக்களில் பாதி தகப்பனுடையவை. எனவே மகள்களின் பாலை அளந்து தகப்பனை மதிப்பிட முடியும். ஒரு மகள் மட்டும் நிறையக் கறந்தால் அதற்குத் தீவனமோ தாயோ காரணமாக இருக்கலாம். எத்தனை மகள்களைப் பார்த்தால் ஒரு காளையை நம்பலாம் என்பதை 1931-இல் லஷ் கணக்கிட்டுக் காட்டினார். ஆடுகளுக்கும் அதே வழிதான்.

1968-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்ற அவர், 1982-இல் மறைந்தார்.

இப்போது எங்கள் கொட்டகையில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. எந்தக் கிடாவின் மகள் எவ்வளவு கறந்தாள் என்று தினமும் எழுதுகிறோம். மாணவர்களே, தோற்றம் ஏமாற்றலாம். பொறுமையாகச் சேர்த்த கணக்கு கைகொடுக்கும்.